இசைத்தட்டு விற்பனையும் கலைஞர் மதிப்பீடும்: தீவகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இசைக்கலைஞர் ஒருவரின் தகுதியை எண்ணொன்றினால் எடுத்துரைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இத்தனை இலட்சம் இசைத்தட்டுகள் விற்றவர் என்றோ, இத்தனை கோடி முறை பார்க்கப்பட்ட பாடலைப் பாடியவர் என்றோ அறிமுகஞ் செய்துவிட்டால், அதற்குமேல் அவரைப் பற்றிக் கூறவேண்டியது எதுவுமில்லை என்ற எண்ணம் நிலைபெற்று வருகின்றது. எண் ஆராய்ச்சிக்குப் பகையன்று. பல வேளைகளில் வெறும் புகழுரையினின்றும் ஆய்வாளனைக் காப்பது எண்ணே. ஆனால் எது எண்ணப்பட்டது, எங்கே எண்ணப்பட்டது, எவரால் எண்ணப்பட்டது என்பனவற்றை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டுதல் ஆராய்ச்சியாகாது.

இவ்வினா ஈழத்துத் தமிழிசைக்குத் தனி முக்கியத்துவம் உடையது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் 'ரௌடி பேபி' என்னும் தமிழ்த் திரைப்பாடல் யூரியூப் தளத்தில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அவ்வெண்ணின் முன்னே பழைய கிராமபோன் தட்டுகளின் விற்பனை மிகச் சிறிதாகத் தோன்றும்; அத்தட்டுகளிலும் இடம்பெறாத ஈழத்துக் கலைஞரோ அறவே மறைந்துபோவர். 'விற்கவில்லை, ஆகவே சிறியர்' என்ற முடிவு இவ்வாறு ஓசையின்றி உருவாகின்றது. இம்முடிவு நியாயமானதா என்பதைச் சோதிப்பதற்கு யாழ்ப்பாணத் தீவகம் மிகப் பொருத்தமான களமாகும். சந்தையின் கணக்கேடு எட்டாத இடங்களில் இசை எவ்வாறு வாழ்ந்தது என்பதனை ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய மூன்றும் மூன்று வகையாகக் காட்டுகின்றன.

எண்ணப்படும் பொருள்

இசையை ஏந்திவந்த பொருள் காலந்தோறும் மாறியுள்ளது. இந்தியாவில் வணிக நோக்கிலான முதல் ஒலிப்பதிவுகள் 1902இல் கல்கத்தாவிற் செய்யப்பட்டன. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கிற்று. 1948இல் அமெரிக்காவில் எல்.பி. எனப்பட்ட நெடுநேர இசைத்தட்டும், 1949இல் 45 சுற்றுச் சிறுதட்டும் வெளிவந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகஞ் செய்தது. 1982இல் இறுவட்டு சந்தைக்கு வந்தது. இன்று பொருள் என்று ஒன்றே இல்லை. இணையவழி ஓடும் ஒலியே விற்கப்படுகின்றது.

ஒரு 78 சுற்றுத் தட்டில் அடங்குவது ஏறத்தாழ ஆறு நிமிடங்கள். ஒரு நெடுநேரத் தட்டில் நாற்பது நிமிடங்கள் வரை. ஒலிநாடாவில் அறுபது அல்லது தொண்ணூறு நிமிடங்கள். ஆயிரம் தட்டு விற்ற ஒருவரையும் ஆயிரம் நெடுநேரத் தட்டு விற்ற ஒருவரையும் சமமெனக் கொள்ளின், வாங்கியோர் தொகை சமமாகலாம். விற்கப்பட்ட இசையின் அளவு ஏறத்தாழ ஒன்றுக்கு ஏழாகும். நிமிடத்தை அலகாகக் கொள்ளின் வேறொரு கோணல் தோன்றும். அக்காலத்தில் நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளியிடப்பட்டன. அத்தகைய தொகுதியொன்றை ஒரு குடும்பம் வாங்கினால் அது ஒரு விற்பனையா, அன்றித் தட்டின் தொகைக்கேற்பப் பல விற்பனைகளா? இது பழங்கால ஐயமன்று. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற் கழகம் சான்றிதழ் வழங்குங்கால், நூறு நிமிடத்துக்கு மேற்பட்ட பல தட்டுத் தொகுதியின் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே எண்ணும் விதியைக் கைக்கொண்டது. அவ்விதியின்படி நீளமாகப் பாடுபவர் மிகுதியாக விற்றவராகின்றார்.

அதே கழகத்தின் வரலாறு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. 1958இல் அது தங்கத்தட்டுச் சான்றிதழைத் தொடங்கியபோது, தனிப்பாடலுக்குப் பத்து இலட்சம் பிரதிகளும், நெடுநேரத் தொகுப்புக்குப் பத்து இலட்சம் டொலர் மொத்த விற்பனைப் பெறுமதியும் அளவுகோல்களாக இருந்தன. ஒரே பெயருடைய விருது ஒரு வகைக்குப் பிரதியையும் மறு வகைக்குப் பணத்தையும் எண்ணியது. தொகுப்புக்கு ஐந்து இலட்சம் பிரதிகள் என்ற நிபந்தனை 1975இலேயே சேர்க்கப்பட்டது. மேலும், அக்கணக்கு பெரும்பாலும் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பிய தொகையையே அடிப்படையாகக் கொண்டது. அனுப்பப்பட்டது வேறு, விற்கப்பட்டது வேறு, கேட்கப்பட்டது வேறு. மூன்றையும் 'விற்பனை' என்ற ஒரு சொல்லாற் குறிக்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகின்றது.

எண்ணும் முறை

எண்ணும் முறை மாறினால் எண்ணப்படுவோரின் வரிசையும் மாறும் என்பதற்கு 1991 ஒரு சான்றாகும். அதுவரை அமெரிக்காவின் 'பில்போர்ட்' இதழ் கடைக்காரரிடம் கேட்டறிந்த தகவலைக் கொண்டே தொகுப்புகளைத் தரவரிசைப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து கடைகளில் பட்டைக்குறியீடு வழியே பதிவான உண்மை விற்பனையைக் கொண்டு வரிசை அமைக்கப்பட்டது. உடனே கன்ட்ரி, ராப் ஆகிய இசை வகைகள் முன்னையிலும் மிக உயர்ந்த இடங்களைப் பெற்றன. ஒரு வாரத்தில் மக்களின் சுவை மாறிவிடவில்லை. கடைக்காரர் பெரிதாக மதியாத மக்களின் சுவை அன்றுதான் எண்ணிக்கைக்குள் வந்தது.

இதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இலங்கை வானொலி இத்தகைய இடர்ப்பாட்டைச் சந்தித்தது. 1952இல் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி இலங்கை வானொலியின் வணிக சேவையில் ஒலிபரப்பாகி, இந்தியா முழுவதும் செவிமடுக்கப்பட்டது. பாடல்களை வரிசைப்படுத்த முதலில் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை கொள்ளப்பட்டது. ஆயின் தட்டு கடைக்கு வந்து சேராவிடத்து, மக்கள் விரும்பிய பாட்டும் விற்பனையில்லாத பாட்டாகவே தோன்றும். ஆதலால் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டியதாயிற்று. விற்பனை என்பது விருப்பத்தை மட்டுமன்றி வழங்கலையும் அளக்கின்றது என்பதனை அந்நிகழ்ச்சியினர் நடைமுறையிலேயே உணர்ந்தனர் எனலாம்.

இந்த உண்மை பெருநகரைவிடத் தீவுகளிலேயே கூர்மையாக வெளிப்படுகின்றது.

ஊர்காவற்றுறை: எவ்வூர்க் கணக்கு?

ஊர்காவற்றுறை பழமையான துறைமுகம். அதனையும் புங்குடுதீவு, வேலணை முதலிய அயலூர்களையும் சேர்ந்த வணிகர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். குடும்பம் தீவில்; உழைப்பும் கொள்முதலும் தெற்கில். விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் வணிகர் கொழும்பில் வாங்கிய தட்டொன்றைக் கொண்டுவந்தால், அத்தட்டின் விற்பனை கொழும்பின் பெயரிலேயே பதிவாகும். அதன் இசையோ தீவின் திண்ணையிலே ஒலிக்கும். தீவகத்தில் இசைத்தட்டு விற்கவில்லை என்ற கூற்று, தீவகத்தில் இசைத்தட்டுக் கடை இருக்கவில்லை என்பதற்கு மேல் எதனையும் நிறுவுவதில்லை.

இவ்விடத்து வேறொன்றும் நோக்கற்பாலது. புலம்பெயர்ந்த தீவக மக்கள் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். ரொறன்ரோவில் இருந்துகொண்டு தம்மூர்க் கோயிற் பாடலை இணையத்திற் கேட்பவர் அந்நாட்டின் கணக்கிலேயே சேர்வர். பொருள் மறைந்து ஒலி மட்டும் எஞ்சிய காலத்திலும், வாங்கும் இடமும் இசை வாழும் இடமும் ஒன்றென்று கொள்ளும் பிழை மறையவில்லை.

நெடுந்தீவு: கணக்கில் வராத கேள்வி

குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் உள்ளது நெடுந்தீவு. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்வலையோடு இணைக்கப்படாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே சூரிய, காற்று வலுவையும் இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு 2022இலேயே இந்தியாவுடன் உடன்பாடு எட்டப்பட்டது. இத்தகைய ஊரில் இசைக்கருவியின் வரலாறு மின்சாரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. டிரான்சிஸ்டர் வானொலிக்குச் சில மின்கலங்கள் போதும். மின்சாரத்தை வேண்டிய இசைத்தட்டுக் கருவியோ பலருக்கு எட்டாத பொருளாயிற்று.

எனவே வானொலியே தீவின் இசைக்கூடமாயிற்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையமும் கடலைத் தடையாகக் கொள்ளவில்லை. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் குரலை அறியாதார் அக்காலத்துத் தமிழரிற் சிலரே. வானொலி நிலையம் ஒரு தட்டை ஒருமுறை பெற்று ஆயிரமுறை ஒலிபரப்பலாம். விற்பனைக் கணக்கில் அது ஒன்றே. நேயர் விருப்பத்துக்கு வந்த தபாலட்டைகள் மக்களின் சுவைக்கு நேரடிச் சான்றுகள். ஒரே அட்டையிற் பல பெயர்களை எழுதும் வழக்கமிருந்தமையால் அவற்றையும் வாக்குச்சீட்டாகக் கொள்ள இயலாது. எனினும், தட்டு வாங்க வசதியற்ற கிராமத்தவனும் தன் விருப்பத்தைப் பதிவுசெய்யக்கூடிய ஏடு அஃது ஒன்றே.

ஒலிநாடா வந்தபின் கணக்கு மேலும் கலங்கியது. வெற்று நாடாவையும் விரும்பிய பாடல்களின் பட்டியலையும் கொடுத்தால் பதிவுசெய்து தரும் நிலையங்கள் யாழ்ப்பாண நகரிற் பெருகின. தீவிலிருந்து நகருக்கு வந்தவர் இவ்வாறு பதிந்த நாடாவோடு திரும்பினால், அதில் அடங்கிய பன்னிரண்டு பாடல்களும் எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை; அவற்றைப் பாடியோருக்குச் சதமும் சேர்வதில்லை. கலைஞரின் வருவாயை அளக்கும்போது இந்நாடாவை விலக்குவது சரியே. அவர் பாட்டுக்கு இருந்த செல்வாக்கை அளக்கும்போது விலக்குவது தவறு. ஒரே நாடா ஒரு கணக்கில் களவு; மறு கணக்கில் சான்று.

1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வெறுமையான அவ்வூர்களைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுதியிற் பாடினார். குடாநாட்டில் தஞ்சமடைந்தோர் மின்சாரமும் இன்றி, மின்கலங்களுக்கும் தடை நிலவிய அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர். ஒரு பாட்டைக் கேட்பதற்கு ஒருவன் மிதிக்க வேண்டியிருந்தது. அக்கேள்விக்கு நிகரான விற்பனை எண் எது?

நயினாதீவு: ஒரு தட்டும் பல செவிகளும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மாதப் பெருவிழாவுக்குக் குடாநாட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் அடியார்கள் கடல் கடந்து வருவர். யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் ஒலிபெருக்கி தவிர்க்கவியலாத உறுப்பாயிருந்தது. சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன் ஆகியோரின் பக்திப் பாடல்கள் அதன்வழியே ஊர் முழுவதும் பரந்தன. விழாவுக்குக் குழாய் கட்டுபவரின் பெட்டியிலிருந்த தட்டு ஒரு வீட்டின் உடைமையன்று, ஊரின் பொதுச்செல்வம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு பாடல் பதினைந்து நாள் விழாவில் நாளொன்றுக்கு மூன்று முறை ஒலித்தது எனவும், ஒவ்வொரு முறையும் ஐந்நூறு பேர் கேட்டனர் எனவும் வைத்துக்கொண்டால், 22,500 கேள்விகள் நிகழ்ந்தன. பதிவான விற்பனை ஒன்று. பிரித்தானியாவின் தரவரிசை விதியின்படி 2014இல் இணையவழிக் கேள்வி நூறு ஒரு விற்பனைக்குச் சமம். 2017 தொடக்கத்தில் அது 150 ஆக்கப்பட்டது. முன்னைய விதியை நயினாதீவுக்குப் பொருத்தினால் அவ்வொரு தட்டு 225 விற்பனையாகும்; பின்னைய விதியின்படி 150 ஆகும். தீவு ஒன்றே, தட்டு ஒன்றே, கேட்டோரும் அவர்களே. 75 விற்பனைகள் விதியின் திருத்தத்திலே மறைந்தன.

ஒலிபெருக்கியின் கேள்வி விரும்பிக் கேட்ட கேள்வியன்று, திணிக்கப்பட்டது என்று மறுப்புரைக்கலாம். மறுப்பு வலுவுடையதே. பாடலைத் தெரிந்தவர் குழாய் கட்டுபவரும் விழா உபயகாரருமேயன்றி வழியிற் செல்வோர் அல்லர். ஆகவே 225 என்பது உண்மையென்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. ஒன்று என்பதும் உண்மையன்று என்பதே நோக்கம். அன்றியும், பணம் கொடுத்து வாங்கிய தட்டு ஒருமுறை கேட்கப்பட்டு அலுமாரியில் உறங்கலாம். அதனை விருப்பத்தின் முழுச் சான்றாக ஏற்பவர் ஊர் முழுதும் கேட்ட பாட்டை ஒதுக்குவதற்கு நியாயமில்லை.

சமன்பாடுகளின் நியாயம்

வடிவங்களை ஒன்றாக்கும் முயற்சியில் இன்று பெரிதும் வழங்குவது சமவலகுமுறையாகும். 2014 டிசெம்பரில் பில்போர்ட் இதழ் ஒரு தொகுப்பின் பாடல்களை 1,500 முறை இணையவழி கேட்பதும், அதன் பத்துப் பாடல்களைத் தனித்தனியே விலைகொடுத்துப் பெறுவதும் ஒரு தொகுப்பு விற்பனைக்குச் சமம் என்று வகுத்தது. 2018இல் சந்தா செலுத்துவோரின் கேள்வி 1,250 எனவும், விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்போரின் கேள்வி 3,750 எனவும் பிரிக்கப்பட்டது. இலவசமாகக் கேட்கும் மூன்று செவிகள் சேர்ந்தே சந்தா செலுத்தும் ஒரு செவிக்கு நிகராயின. இஃது இசை நிறுவனத்துக்கு வரும் பணத்தின் விகிதத்தைத் தழுவியது. வணிகக் கணக்கு என்ற அளவில் ஏற்கத்தக்கதே. ஆயின் அதனையே கலைஞரின் செல்வாக்குக்கும் அளவாகக் கொண்டால், வறியவன் செவிக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பே உண்டு என்ற கொள்கை விமர்சனத்துள் நுழைந்துவிடுகின்றது.

எம். எஸ். சுப்புலட்சுமியின் 'வேங்கடேச சுப்ரபாதம்' இதனைத் தெளிவாக்கும். 1963இல் நெடுநேரத் தட்டாக வெளிவந்த அதன் உரிமப் பணம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு வழங்கப்பட்டது. அதனை ஒரு வீட்டில் ஓராண்டு நாள்தோறும் காலையில் ஒலிக்கச் செய்தால் 365 கேள்விகள், விற்பனை ஒன்று. பத்துப் பாடல் கொண்ட ஒரு தொகுப்புக்கு 1,500 கேள்வி என்ற விதியோ, அதை வாங்கியவர் முழுமையாக 150 முறை கேட்பார் என்று கொள்வதற்குச் சமமானது. பக்தியிசைக்கு அது குறைவு; ஒரு பருவத்துத் திரைப்பாடலுக்கு அது மிகை. மேலும், இணையத்தில் முப்பது விநாடி ஓடினாலே பொதுவாக ஒரு கேள்வி பதிவாகும். ஏறக்குறைய இருபது நிமிடம் நீளும் சுப்ரபாதமும் மூன்று நிமிடத் திரைப்பாடலும் அங்கே சமம். இராக ஆலாபனையும் தவில் தனியாவர்த்தனமும் தம் இயல்பினாலேயே தோற்கும் போட்டி இது. 78 சுற்றுத் தட்டு திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சில நிமிடங்களுக்குள் அடக்கியது. புதிய கணக்கு நெடிய தோடியையும் ஒன்றென்றே எண்ணுகின்றது.

மூன்று கலைஞர்

ஒரே கலைஞர் பல வடிவங்களிற் பரவியபோது கூட்டல் மேலும் இடர்ப்படுகின்றது. கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) நாடக மேடையிலிருந்து 78 சுற்றுத் தட்டுக்கும், பின்னர்த் திரைப்படத்துக்கும் நெடுநேரத் தட்டுக்கும் வந்தவர். அவர் பாடல்கள் ஒலிநாடாவிலும் இறுவட்டிலும் மீண்டும் வெளிவந்தன. அதே பாட்டைத் தட்டாகவும் நாடாவாகவும் இறுவட்டாகவும் வாங்கிய ஒருவர் மூன்று இரசிகரல்லர். ஆயினும் மும்முறை வாங்கத் தூண்டிய ஈடுபாடு ஒருமுறை வாங்கியதற்குச் சமமுமன்று. கூட்டுத்தொகை இவ்விரண்டையும் பிரித்தறியாது.

ஏ. ஈ. மனோகரன் ஈழத்துப் பொப்பிசையைக் கடல் கடந்து கொண்டுசென்றவர், 2018இற் காலமானார். அவர் குரலாற் புகழ்பெற்ற 'சுராங்கனி' பல மொழிகளிற் பிறராலும் பாடப்பட்டது. 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. பாட்டின் வெற்றியும் பாடகரின் விற்பனையும் இங்கே வேறு வேறாகின்றன. ஈழத்தில் முளைத்த பாட்டு பிறர் தட்டிலே விற்றபோது, அவ்விற்பனை ஈழத்துக் கணக்கிலே சேரவில்லை. இறக்குமதியான தட்டுக்குச் சந்தையாகவே எண்ணப்பட்ட நிலம், இசையை வழங்கிய நிலமாகவும் இருந்தது என்பது இதனால் மறைகின்றது.

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) இவ்விருவரினும் வேறுபட்டவர். அவர் புகழ் இசைத்தட்டுக் கடையிற் பிறந்ததன்று. கோயில் வீதிகளிலும் விடிய விடிய நிகழ்ந்த கச்சேரிகளிலும் பிறந்தது. தமிழகத்து நாதஸ்வர மேதைகளும் விரும்பி அழைத்த அக்கலைஞரை விற்பனைப் பட்டியலில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். ஊர்காவற்றுறைக் கரையோரத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்தின் அண்ணாவிமார் நிலையும் இதுவே. பட்டியலில் இல்லாமை இவர்களின் சிறுமைக்குச் சான்றன்று. பட்டியலின் எல்லைக்குச் சான்று.

நியாயமான ஒப்பீட்டுக்குச் சில நெறிகள்

இவற்றினின்றும் எண்ணை முற்றாகத் துறத்தல் வேண்டும் என்ற முடிவு பெறப்படாது. விற்பனை கலைஞரின் உழைப்புக்குக் கிடைத்த ஊதியத்தோடு தொடர்புடையது; அதனைப் புறக்கணிப்பது அவர் வயிற்றைப் புறக்கணிப்பதாகும். எண்ணைத் துறந்தால் எஞ்சுவது பெரும்பாலும் அடியார் கூட்டத்தின் ஆரவாரமே. வேண்டப்படுவது எண்ணைப் பிரித்தறியும் ஒழுங்கு.

முதலாவதாக, பிரதி, பணம், கேள்வி ஆகிய மூன்றும் தனித்தனி நிரலில் எழுதப்பட வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குதல் கூடாது. இரண்டாவதாக, ஒப்பீடு முதலில் ஒரே காலத்துக்குள்ளும் ஒரே வடிவத்துக்குள்ளும் நிகழ வேண்டும். காலங்கடந்து ஒப்பிடுங்கால் தொகையைவிட விகிதமே நம்பத்தக்கது. ஆயிரம் கிராமபோன்கள் இருந்த ஊரில் இருநூறு தட்டு விற்ற ஒருவரையும், இலட்சம் ஒலிநாடாக் கருவிகள் இருந்த காலத்தில் ஐயாயிரம் நாடா விற்ற ஒருவரையும் எடுத்துக்கொள்ளலாம். தொகையில் இரண்டாமவர் இருபத்தைந்து மடங்கு உயர்ந்தவர். விகிதத்தில் முதலாமவர் ஐந்தில் ஒரு வீட்டையும் இரண்டாமவர் இருபதில் ஒரு வீட்டையும் எட்டினர்; முதலாமவரே நான்கு மடங்கு உயர்ந்தவர். இரு கூற்றும் உண்மை. எதனைக் கூறுகின்றோம் என்பதைச் சொல்லாமற் கூறுவதே பொய்.

மூன்றாவதாக, ஒரு பிரதியைக் கேட்ட செவிகளின் தொகை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது கணக்கில் ஏற்கப்பட வேண்டும். தனியறையிற் காதுக்கருவியோடு கேட்கும் நகரத்தவரின் பழக்கத்தை எல்லாருக்கும் பொது நியமமாக்கினால், சேர்ந்து கேட்ட சமூகங்கள் யாவும் இசையற்ற சமூகங்களாகத் தோன்றும். நான்காவதாக, துல்லியமான எண் கிடையாதவிடத்து இவ்வளவுக்கும் அவ்வளவுக்கும் இடைப்பட்டது என்று எல்லைகளைக் கூறுதலே நேர்மையாகும்.

இந்நெறிகள் சான்றுகள் இருந்தால் மட்டுமே பயன்படும். தீவகத்தில் அச்சான்றுகள் விற்பனை ஏடுகளில் இல்லை. பழைய ஒலிபெருக்கிச் சேவையினரின் தட்டுப்பெட்டிகளிலும், கோயில் விழாத் துண்டுப்பிரசுரங்களிலும், பதிவு நிலையங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாடற் பட்டியல்களிலும், முதியோரின் நினைவிலுமே உள்ளன. இடப்பெயர்வில் அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவை கடற்காற்றில் அழிந்துகொண்டிருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி ஈழத்து அச்சேடுகளைக் காத்துவரும் வழி ஒலிக்கும் உரியது. பல்கலைக்கழக மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு தீவின் தட்டுப்பெட்டிகளைப் பட்டியலிட்டாலும், எவர் பாடல் எத்தட்டில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதையேனும் அறியலாம். விற்பனை எண் வாங்கப்பட்டதைக் கூறும். தட்டின் தேய்வு கேட்கப்பட்டதைக் கூறும். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் விமர்சனமே கலைஞருக்கும் அவரைக் கேட்ட ஊருக்கும் நீதி செய்வதாகும்.